நாலாம் குடி வீடியோ ஏறின விதம்

பிரவுசரில் பைல் ஏற்றும் வேலையில் கையால் செய்வது ஒரு பொத்தானை அழுத்துவது மட்டும்தான். மிச்சமெல்லாம் வாயால் செய்வது. கம்பஸில் படிக்கிறாள், லேப்டொப் வைத்திருக்கிறாள் என்ற இரண்டு குற்றங்களுக்காக ஊர்ப் பொதுவேலை தலையில் விழுந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. என் தலையில் விழுந்தது கோயில். களுவாஞ்சிக்குடிக்குக் கிட்ட, வாவிக் கரையில் இருக்கிறது. சுவிஸில் இருக்கும் ஊர் அண்ணன் ஒருவர் இந்த வருடம் அதற்கு இணையத்தளம் செய்து கொடுத்தார். திருவிழா வீடியோக்களை அதில் ஏற்றுவது என் பொறுப்பானது.

இரண்டு கட்டுப்பாடுகள்

போன வருடம் யாரோ ஒரு பொடியன் சாமி ஊர்வல வீடியோவுக்குச் சினிமாப் பாட்டுப் போட்டு வட்ஸ்அப்பில் விட்டுவிட்டான். அதனால் கோயில் கூட்டத்தில் ஒரு கட்டுப்பாடு வந்தது: வீடியோ முதலில் தளத்தில் ஏற வேண்டும், அதற்கு முன் ஒருவருக்கும் தனியாக அனுப்பக்கூடாது. சரி, இதில் நியாயம் இருக்கிறது.

இரண்டாவது கட்டுப்பாட்டைப் போட்டவர் வண்ணக்கர். கோயில் நிர்வாகம் அவர் கையில். நான் மாமா என்று கூப்பிடுவேன். எங்கள் கோயிலுக்கு நாலு குடி. குடி என்பது வம்சம், எங்கள் பக்கத்தில் தாய் வழியாக வருவது. அம்மா எந்தக் குடியோ பிள்ளையும் அந்தக் குடி. ஒவ்வொரு குடிக்கும் ஒரு நாள் திருவிழா. மரியாதைக்குக் கொடுக்கும் காளாஞ்சி, அதாவது வெற்றிலை பாக்குத் தட்டு, முதற்குடிக்கு முதலில் போகும், நாலாம் குடிக்குக் கடைசியில் வரும். வீடியோவும் அந்த முறைப்படிதான் ஏற வேண்டுமாம். “தளத்துச் சேர்வருக்குக் குடி தெரியாது மாமா” என்றேன். அவர் சிரிக்கவில்லை.

“அதுக்குத்தானே உன்னை வச்சிருக்கு புள்ள.”

கொள்ளாத பைல்

வண்ணக்கர் முதற்குடி. அவர்களுடைய வீடியோவில் முழுத் திருவிழாவும் இருந்தது, சனம் மர நிழலில் கச்சான் கடலை தின்பது உட்பட. ஏற்றினேன். எவ்வளவு ஏறியது என்று காட்டும் கோடு ஊர்ந்து ஊர்ந்து முடிவுக்குக் கிட்டப் போய், பைல் பெரிது, ஏற்க முடியாது என்று தளம் திருப்பி அனுப்பிவிட்டது. கச்சானை மட்டும் வெட்டுவோம் என்று கெஞ்சினேன். எங்கட குடியில் ஒரு தலையும் வெட்டுப்படக்கூடாது என்றார். சுவிஸ் அண்ணனைக் கேட்டோம். அளவைக் கூட்டலாம், ஆனால் அடுத்த கிழமைச் சனிக்கிழமைதான் தனக்கு லீவு என்று அவர் சொல்லிவிட்டார்.

பாலத்தில் பழுதாகி நின்ற லொறிக்குப் பின்னால் பஸ்கள் நிற்கிறது போல மற்ற மூன்று குடியும் நின்றன. சின்னச் சின்ன வீடியோக்கள், தேத்தண்ணி ஊற்றுகிற நேரத்தில் ஏறிவிடும். அவற்றையாவது ஏற்றட்டுமா என்று கேட்டேன்.

“கோயிலையே பெருப்பிச்சுக் கட்டின ஆக்கள் நாங்கள். சேர்வரைப் பெருப்பிக்கிற வரைக்கும் ஒரு கிழமை பொறுக்க ஏலாதா?”

வெள்ளிக்கிழமைப் போன்

பொறுக்க ஏலாத ஒரு ஆள் இருந்தார். எங்கள் பக்கத்து வீட்டு வசந்தா அக்கா, குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்கிறார். நாலாம் குடித் திருவிழாவில் சாமிக்கு முன்னால் விளக்கேந்தி நடந்தது அவருடைய மகள் யாழினி. அக்கா அவளை விட்டுப் போகும்போது அவளுக்கு முன்பற்கள் விழுந்திருந்தன. அந்த வீட்டில் அக்காவின் கைக்குப் போன் வருவது வெள்ளிக்கிழமை மத்தியானம் மட்டும். வருகிற வெள்ளிக்குப் பிறகு வீட்டார் அவரையும் கூட்டிக்கொண்டு விடுமுறைக்கு வேறு நாடு போகிறார்கள். அங்கே போன் கிடைக்குமா என்று அவருக்கே தெரியாது. முந்தின வெள்ளி எடுத்து, “ஏறிட்டாகா?” என்று எங்கள் பக்கத்துக் ‘கா’ போட்டுக் கேட்டார். ஏறவில்லை.

எனக்குக் கோபம். குடி தாய் வழியாக வருகிறதாம், அந்தத் தாய் தன் பிள்ளையைப் பார்க்க முதற்குடிக் கச்சானுக்குப் பின்னால் வரிசையில் நிற்கவேண்டுமாம். கட்டுப்பாடு கிடக்கட்டும், வட்ஸ்அப்பில் அனுப்புகிறேன், பார்த்துவிட்டு அழியுங்கள் என்றேன். அக்காவுக்கு ஆசை இருந்தது, அது எனக்கு மூச்சிலேயே கேட்டது.

“வேணாங்கா. களவாப் பார்க்க மாட்டன். என்ட புள்ள எல்லாரும் பார்க்கத்தானே நடந்தவள்.”

உம்மாட குடி

வியாழக்கிழமை காத்தான்குடிக்குப் போனேன். என்னோடு படிக்கும் பர்ஹானாவின் வாப்பாவுக்கு அங்கே புடவைக்கடை. கடையின் மேல்மாடியில் நல்ல வேகமான இணைப்பு இருக்கிறது. அனுமதி கிடைத்தால் உடனே ஏற்றலாம் என்ற நப்பாசை. சாரிக் கட்டுகளுக்கு நடுவில் லேப்டொப்பைத் திறந்து வைத்துக்கொண்டு அவளிடம் முழுக் கதையையும் கொட்டினேன். தாயால் வருகிற குடிக்குத் தலைவர் மட்டும் ஏன் ஆண், திருவிழா நோட்டீசில் ஏன் ஒரு பெண் பேரும் இல்லை என்று பட்டிமன்றமே நடத்தினேன். அவள் துணியை மடித்துக்கொண்டே கேட்டாள். முஸ்லிம்களான அவர்களுக்கும் குடி உண்டு, அதுவும் தாய் வழிதான்.

“எங்களுக்கும் இதே கூத்துதான்டி. குடி உம்மாட, தலைவர் கதிரை வாப்பாட.”

மேலே நிற்பது யார்

வாதாடி வாய் வலித்ததால் சும்மா தளத்தைப் பரிசோதித்தேன். கோபுரப் படம் ஒன்றை ஏற்றினேன், பிறகு தேர்ப் படம் ஒன்று. தேர் மேலே வந்தது, கோபுரம் கீழே இறங்கியது. கடைசியாக ஏறுவதுதான் உச்சியில் நிற்கிறது. அப்படியானால் முதற்குடியை முதலில் ஏற்றினால்? நான் வண்ணக்கருக்குப் போன் எடுத்தேன்.

“மாமா, உங்கட முறைப்படி ஏத்தினா நாலாம் குடி மேல நிக்கும், நீங்க அடியில கிடப்பீங்க.”

“நீயும் நாலாம் குடிதானே. உன்ட குடிக்குக் கதைக்கிறாய்.”

“ஓம், கதைக்கிறன். ஆனா சொல்லுறது பொய்யில்ல. தளத்தைத் திறந்து பாருங்க, தேர் மேல, கோபுரம் கீழ.”

பார்த்தார் போலிருக்கிறது, லைனில் செருமல் மட்டும் கேட்டது. “அதுக்காக எங்கட குடி கடைசியில போறதா? சனம் என்ன சொல்லும்?”

“ஊர்வலத்தில மேளம் முன்னுக்குப் போகுது. விளக்குப் பிடிக்கிற புள்ளைகள் முன்னுக்குப் போகுதுகள். சாமி எங்க வாறார் மாமா?”

நான் வாதத்தில் வென்ற தருணங்கள் குறைவு. இது அதில் ஒன்று. பர்ஹானா மடித்த துணியைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். ஆனாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும்: நான் முறையை உடைக்கவில்லை, தலைகீழாகப் பிடித்தேன், அவ்வளவுதான். அது இன்னும் என்னை உறுத்துகிறது.

“சரி, சாமி மறுகா வரட்டும். விளக்க முதல்ல விடு” என்றார் வண்ணக்கர்.

நூராத விளக்கு

நாலாம் குடி ஏறியது, பிறகு மூன்றாம் குடி, பிறகு இரண்டாம் குடி. முதற்குடி மட்டும் சுவிஸ் அண்ணனின் லீவுக்குக் காத்து நின்றது. வெள்ளிக்கிழமை மத்தியானம் போனை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். எனக்குப் பயம். வீடியோக்காரன் முழு நேரமும் கமராவை ஆண்கள் காளாஞ்சி வாங்குவதிலேயே வைத்திருந்தான். யாழினி ஓரத்தில், ஒருவருடைய தோளுக்குப் பின்னால், வாவிக் காற்றுக்கு விளக்கு நூர்ந்து அணையாமல் கையால் மறைத்தபடி வந்து போவாள், அவ்வளவுதான். இதற்காகவா இத்தனை சண்டை என்று அக்கா கேட்கப் போகிறார் என்று நினைத்தேன்.

போன் வந்தது. அழுதிருக்கிறார் என்று குரலில் தெரிந்தது. ஆனால் சொன்னது வேறு.

“மற்றக் குடியளையும் பார்த்தன்கா. மூண்டாம் குடிப் புள்ளட விளக்கு பாதி வழியில நூந்து போச்சு. என்ட புள்ளட நூரல்ல.”

எங்கள் கோயில் காரியத்தில் நீ எந்தக் குடி என்று ஒருவரையும் கேட்காத ஒரே ஆள் அந்தச் சேர்வர்தான், அதுவும் அதற்குத் தாய் இல்லாதபடியால்.