வாத்தியார் கழுத்தில் ஜப்பான் நோட்டு

மலாயாவுல ரப்பர்த் தோட்டத்துக்குப் பால் வெட்டப் போனவன் நான். போன மறுவருசமே ஜப்பான்காரன் வந்துட்டான். கடுதாசி, பணம் எல்லாம் நின்னுபோச்சு. சண்டை முடிஞ்சு கப்பலேறி, அப்புறம் ரயிலேறி அரியலூர்ல வந்து எறங்கினப்ப எங்கிட்ட ஒரு தகரப்பெட்டி, ரெண்டு கைலி, கட்டுக் கட்டா வாழமரம் போட்ட நோட்டு. ஜப்பான்காரன் அங்க அடிச்சுவிட்டது. வெள்ளைக்காரன் திரும்பி வந்ததும் செல்லாதுன்னுட்டான். பின்ன ஏன்யா தூக்கிட்டு வந்தேன்னா, அத்தனை வருசக் கூலியைத் தெருவுல போட்டுட்டு வர மனசு வரல, அவ்ளோதான்.

பொண்டாட்டி உடையார்பாளையத்துல அவ அப்பா வூட்டுல இருந்தா. அவருக்கு ஒரு குழி நெலம்கூடக் கெடையாது. நான் கப்பல் ஏறினப்ப அவ வயித்துல இருந்த புள்ள, பொறந்து, மூணு வயசுல காய்ச்சல்ல போயிடுச்சு. நான் முகம்கூடப் பாக்கல. என்னைக் கண்டதும் அழுதா, திட்டினா, கடைசியில, "அறுப்புக் கூலி ஒத்துக்கிட்டிருக்கேன். முடிஞ்சதும் வந்துடறேன்"னா. எனக்குத் தல கால் புரியல. அரியலூர்ல ஒரு ரூம் வாடகைக்குப் புடிச்சேன்.

அந்த நேரம் பாத்து எலெக்சன். ஜெயிலுக்குப் போயிட்டு வந்த ஒரு வாத்தியாரும் பெரிய பண்ணைக்காரர் ஒருத்தரும் எதிரெதிரா நின்னாங்க. வாத்தியார் எங்க கடைத்தெருவுக்கு வந்தாரு. ஆளாளுக்கு மாலை போடறான், எங்கிட்ட பூ வாங்கக் காசில்ல. சும்மா இருந்தேனா? செல்லாத நோட்டை நூல்ல கோத்து அவர் கழுத்துல போட்டுட்டு, "இந்தாங்க, ஜப்பான்காரன் குடுத்த சொத்து!"ன்னு கத்தினேன். தெருவே சிரிச்சுது. வாத்தியாரும் சிரிச்சாரு. வாய்க்கொழுப்பு, வேற என்ன.

ரெண்டே நாள்ல நோட்டீசு அடிச்சு வந்துடுச்சு. வாத்தியாருக்கு ஜப்பான் பணமாம். மலாயாவுலேருந்து ஒருத்தன் மூட்டை மூட்டையாக் கொண்டாந்தானாம். பண்ணைக்காரரோட ஏஜெண்டு பண்ணின வேலை. அட பாவி, மாலையை ஊரே பாத்திருக்கே, நான் எப்படி இல்லேன்றது? காப்பிக்கடையில நான் போயி உக்காந்தா பக்கத்துல இருந்தவன் எந்திரிச்சுப் போயிடுவான். பேச்சுத்துணைக்கு ஒரு நாதி இல்லாம அந்த ரூம்புல கெடந்தேன்.

சேதி உடையார்பாளையம் போயிருக்குமேன்னு மிச்ச நோட்டை எடுத்துக்கிட்டு ஓடினேன். கதவைப் பாதிதான் தெறந்தா.

"ஏ புள்ள, இது செல்லாத நோட்டு. எந்தக் கடையில வேணா காட்டு."

"செல்லாததையா பெரிய மனுசர் கழுத்துல போடுவாங்க? எலெக்சன் முடிஞ்சதும் திருச்சியில மாத்தித் தராங்களாமே. நான் ஊரார் நெல்லைக் குத்திக் கஞ்சி குடிச்சேன். மருந்துக்கு வழியில்லாம எம்புள்ள போச்சு. ஊருக்குக் குடுக்க உங்ககிட்ட இருந்துச்சு. எனக்கு அனுப்பத்தான் இல்ல."

கதவைச் சாத்திட்டா. வாசல்லயே நின்னு அழுதேன். வெக்கமெல்லாம் பாக்கல.

எலெக்சன் வந்துது, வாத்தியாரே ஜெயிச்சாரு. அறுப்பும் முடிஞ்சுது. அவ வரல. ஒருநாள் பஸ்ஸுக்கு நிக்கிறப்ப அந்த ஏஜெண்டு எதிர்ல வந்தாரு. "அட, அது எலெக்சனுக்காகச் சொன்னதுங்க, மனசுல வச்சுக்காதீங்க"ன்னு சிரிச்சாரு. எனக்கு வந்த கோவத்துக்கு அங்கயே சட்டையப் புடிச்சிருக்கணும். ஆனா கையத்தான் புடிச்சேன்.

"உடையார்பாளையம் வரைக்கும் ஒரு தடவை வாங்க. எம்பொண்டாட்டிகிட்ட அது பொய்யின்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. உங்க புண்ணியமாப் போவும்."

கையை உருவிக்கிட்டாரு. "வரி கட்டறவனுக்கும் படிச்சவனுக்குந்தான் ஓட்டு. அந்தப் பொண்ணுக்கு ஓட்டே கெடையாது. அதுகிட்ட நான் எங்க சொன்னேன்?"

அவர் சொன்னது நெசந்தான். அவகிட்ட யாரும் போயி சொல்லல, அதுவா நடந்து போயி சேந்துது. இல்லேன்னு சொல்லத்தான் ஒவ்வொரு தையிலயும் நான் போனேன், பத்து வருசம். அவ கதவைத் தெறக்கல.