அக்கா வீட்டு வைஃபை

அக்கா மகளின் கல்யாண விருந்தில் தாய்மாமனான எனக்குக் கிடைத்த மரியாதை, மேடைக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும் மடியில் லேப்டாப்பும்தான். போன வருடம் இறந்துபோன அத்தான், தன் மகளுக்கு அனுப்பிய குரல் பதிவு ஒன்று அதில் இருந்தது. அவர் குரலில் மிஞ்சியது அது மட்டும்தான். அது ஒலிக்கும்போதுதான் பெண் மண்டபத்துக்குள் நுழைய வேண்டும் என்று அக்கா ஒற்றைக் காலில் நின்றாள்.

மண்டபம் மேரு என்ற ஊரில், தொழிற்சாலைகளுக்கு நடுவே. உள்ளே கால் வைத்ததும் போனில் லைன் செத்துவிடும். பென்டிரைவை நீட்டினால் டிஜே கையெடுத்துக் கும்பிட்டார். "வேணாம் பாஸ். போன தடவ வைரஸ் வந்து பாட்டெல்லாம் போச்சு லா." அவருடைய ஒயரைத் தொடவும் விடவில்லை.

சரி, என் லேப்டாப்பிலேயே ஒரு வைஃபை உண்டாக்கி, அவருடைய லேப்டாப்பை அதில் சேர்த்தால் இன்டர்நெட் இல்லாமலே அனுப்பிவிடலாம். பெயரும் பாஸ்வேர்டும் கேட்டது. புதிதாக யோசிக்கச் சோம்பல்பட்டு, அக்கா வீட்டு வைஃபைக்கு இருப்பதையே போட்டேன். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

டிஜேவின் லேப்டாப் சேரவே இல்லை. எட்டு இடம்தான், எட்டும் நிரம்பிவிட்டது என்றது திரை. நம் சனம் யார் வீட்டுக்குப் போனாலும் தண்ணீர் கேட்பதற்கு முன்னால் பாஸ்வேர்ட் கேட்கும். அப்படி அக்கா வீட்டில் கேட்டு வாங்கிய போன்களெல்லாம் பழைய பாசத்தில் தாமாகவே வந்து ஒட்டிக்கொண்டிருந்தன. அது போதாதென்று முன்வரிசையில் பெரியப்பா சத்தம் போட்டார்: "வைஃபை இருக்கு, லைன்தான் வரல. என்னடா மண்டபம் புடிச்சிருக்கீங்க?" எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மூடிய கதவுக்கு வெளியே பெண் காத்துக்கொண்டிருந்தாள். யாரைத் துரத்தலாம் என்று திரையில் போன்களின் பெயர்களைப் பார்த்தேன். கடைசியில் அத்தானின் போன் இருந்தது.

அக்காவிடம் ஓடினேன். "அத்தான் போன் ஒன்கிட்டயா இருக்கு?"

கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "சார்ஜ் போட்டுத்தான் கொண்டாந்தேன். மக கல்யாணத்துக்கு அவரு வராம இருப்பாரா?"

அதை அணைக்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நேராகப் போய்ப் பெரியப்பாவின் போனைப் பிடுங்கி அணைத்தேன். அவர் திட்டத் திட்ட டிஜேவின் லேப்டாப் சேர்ந்தது, பதிவும் போனது. கதவு திறந்தது.

"எங்கம்மா இருக்க? சாப்பாடு ஆறிப்போவுது, சீக்கிரம் வா லா," என்றார் அத்தான்.