நான்காவது கேமரா

நம்பாதவர்கள் இப்போதே பக்கத்தைப் புரட்டிக்கொள்ளலாம். யாரையும் நம்பவைக்கும் தேவை எனக்கு இல்லை. காப்பாருக்கு அப்பால் இருந்த அந்தக் காடு இன்று இல்லை, அதனால் போய்ப் பார்த்துச் சரிபார்க்கவும் வழியில்லை. ஆனால் நடந்தது நடந்ததுதான்.

போர்ட் கிள்ளானில் ஒரு கிடங்கில் இரவு ஷிப்ட் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் பாதி ஷிப்டில் எழுந்து வந்துவிட்டேன். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அதற்குப் பிறகு பகல் வேலை எதுவும் ஒட்டவில்லை. அப்போதுதான் தாமரை அக்காவிடம் சேர்ந்தேன். அரிய காட்டுப்பூனைகளைத் தேடிக் காட்டில் கேமரா வைப்பவர். பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு வாடகை அறை, பழைய வண்டி, மூன்று கேமராக்கள். அவரிடம் இருந்தது அவ்வளவுதான்.

இடம், செம்பனைத் தோட்டத்துக்குள் வெட்டாமல் விட்ட பால்மரக் காடு, பழைய ரப்பர் மரங்கள். பின்னால் சதுப்பு. அங்கே கருஞ்சிறுத்தை இருப்பதாக வெகுகாலமாகப் பேச்சு. ஆடு காணாமல் போகும், நாய் காணாமல் போகும். யாரிடமும் ஆதாரம் இல்லை. அதிகாரிகளிடம் சொன்னால் சிரிப்பார்கள். மாதக் கடைசியில் புல்டோசர் வருவதாக இருந்தது. கிடங்கு கட்டப் போகிறார்களாம். அதற்குள் சிறுத்தையின் ஒரே ஒரு புதுப் படம் கிடைத்தால் வேலையை நிறுத்திவைக்கலாம். அந்த ஒரு படத்துக்காகத்தான் அக்கா தூங்காமல் அலைந்தார்.

எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. கேமராவை மரத்தில் முழங்கால் உயரத்தில் கட்டுவோம். முன்னால் எது அசைந்தாலும் தானே படம் எடுக்கும். கட்டி முடித்ததும் ஒருவர் அதன் முன்னால் நான்கு காலில் தவழ வேண்டும். பூனை உயரத்தில் போகும் உடம்பை அது பிடிக்கிறதா என்று பார்க்க. கடைசியில் கேமராவைப் பார்த்து விரல் காட்ட வேண்டும். முதல் கேமராவுக்கு ஒரு விரல், இரண்டாவதற்கு இரண்டு. பிறகு படங்கள் கலந்துபோனாலும் எது எந்தக் கேமரா என்று தெரிந்துவிடும்.

தவழ்வது என் வேலை. அக்கா நின்று பார்த்துக் கிண்டலடிப்பார்.

"பூனை இப்படி நடந்தா பசியிலேயே செத்துரும் லா."

இரண்டு வாரம் கழித்துப் படங்களை எடுத்துப் பார்த்தோம். முதல் கேமராவில் காட்டுப்பன்றி. இரண்டாவதில் மரநாயும், ஒரே ஒரு புலிப்பூனையும். மூன்றாவதில்...

ஒரு கை.

லென்ஸுக்கு மிக அருகில், தரையோடு தரையாக. உள்ளங்கை முழுக்கச் சேறு. கட்டைவிரல் மடங்கியிருந்தது. நான்கு விரல்கள்.

அடுத்த நாள் படத்திலும் அதே கை. அதற்கடுத்த நாளும். எல்லாம் மாலை ஏழு இருபத்துநான்குக்கு.

பன்றி வேட்டைக்காரன் எவனோ விளையாடுகிறான் என்றேன். அக்கா அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, மூன்றாவது கேமராவை மறுபடி கட்ட வேண்டும் என்றார். இன்றே. பொழுது சாயும் நேரத்தில். தான் ரோட்டில் வண்டியில் இருப்பதாகவும் சொன்னார்.

"நீ வரலயா அக்கா?"

"நான் வந்தா சரியா வராது யுகேன். நீ மட்டும் போ."

போனேன்.

கேமராவைக் கட்டி முடித்தபோது தூரத்துத் தொழுகைக்கூடமான சூராவிலிருந்து மாலை மக்ரிப் பாங்கு கேட்டது. அது அடங்கியதும் பூச்சிச் சத்தமும் நின்றது. இதைக் கவனித்தேன். கவனித்தும் தவழ ஆரம்பித்தேன்.

காய்ந்த பால்மர இலைகள். கை வைத்தால் சரக்... முழங்கால் வைத்தால் சரக்...

பாதி தூரத்தில் ஒன்று உறைத்தது. சத்தம் அதிகமாக இருந்தது. ஒரு ஆள் தவழும் சத்தம் இல்லை அது.

நின்றேன்.

எனக்குப் பின்னால் ஒரு சரக். பிறகு அதுவும் நின்றது.

"அக்கா?"

வண்டி இருந்தது ரோட்டில். கூப்பிட்டாலும் கேட்காத தூரம்.

மூன்று விரலைக் கேமராவுக்குக் காட்டினேன்.

சரக்... சரக்...

பக்கத்தில்.

மூச்சு கேட்டது. ஓடிக் களைத்தவன் மூச்சு போல. ஈரமான மூச்சு.

எழுந்து ஓடினேன். ரோடு எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. வேர் தடுக்கி விழுந்தேன். தலையைத் தூக்கினேன்.

நேர் எதிரில் ஒரு பால்மரம். முழங்கால் உயரத்தில் மங்கலான சிவப்பு ஒளி. கேமரா இருட்டில் படம் எடுக்கும்போது வரும் ஒளி.

எங்களிடம் இருந்ததோ மூன்று கேமரா.

எப்படியோ வண்டிக்கு ஓடி வந்து சேர்ந்தேன். சிவப்பு ஒளியைப் பற்றிச் சொன்னதும் அக்கா ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டார். அன்று இரவு பார்த்தேன், இரண்டு முழங்காலிலும் தோல் வழன்றிருந்தது. விழுந்ததில் ஆகியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் நல்ல வெயிலில் பாராங் கத்தியோடு போனோம். கேமரா இருந்தது. கட்டிய பெல்ட்டை மரப்பட்டை முழுக்க விழுங்கியிருந்தது. வெட்டித்தான் எடுக்க முடிந்தது. உள்ளே பேட்டரிகள் பச்சை பூத்து உடைந்து கிடந்தன. அது படம் எடுத்துப் பல வருடம் ஆகியிருக்க வேண்டும்.

பிரிக்ஃபீல்ட்ஸ் அறையில் அதன் மெமரி கார்டைக் கணினியில் போட்டோம்.

முதல் படம் ஏழு வருடத்துக்கு முந்தியது. ஒரு இளைஞன் தவழ்ந்து வருகிறான். நான்கு விரல் காட்டுகிறான். இடது வாயோரம் மட்டும் ஏறிய ஒரு சிரிப்பு.

"யாரு இது?"

"எங்க அண்ணே. கன்னையா."

அன்றுதான் சொன்னார். கருஞ்சிறுத்தையைப் பார்த்ததாகச் சொன்ன முதல் ஆள் கன்னையா. எல்லோரும் சிரித்தார்கள். படம் எடுத்துக் காட்டுகிறேன் என்று நான்கு கேமரா வாங்கி வந்தான். பொழுது சாயும் நேரம் தவழ்ந்துகொண்டிருந்தவனைப் பன்றி என்று நினைத்து எவனோ சுட்டுவிட்டான். சுட்டவன் அகப்படவில்லை. நான்காவது கேமராவும் கிடைக்கவில்லை.

படங்களைத் தள்ளிக்கொண்டே போனோம். அவன் செத்த அந்த முதல் நாளோடு அவை நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. ஒவ்வொரு மாலையும் அவன் தவழ்ந்து வந்தான். ஏழு வருடம். அதே சட்டை. சிரிப்பு மட்டும் மெல்ல மெல்ல மறைந்துகொண்டே வந்தது.

சில படங்களில் அவனுக்குப் பக்கத்தில் கருஞ்சிறுத்தை. பழகிய நாய் போல உட்கார்ந்திருந்தது. போன வாரத் தேதியிலும் ஒரு படம். சிறுத்தை, தெளிவாக, தனியாக.

நாங்கள் தேடிய படம்.

கடைசிப் படம் முந்தின நாள் மாலை எடுத்தது. அதில் கன்னையா இல்லை.

நான் இருந்தேன். நான்கு காலில். அந்தக் கேமராவுக்கு நான் கை காட்டவே இல்லை. படத்தில் என் கை உயர்ந்திருந்தது. நான்கு விரல். நான் சிரித்துக்கொண்டிருந்தேன். இடது வாயோரம் மட்டும்.

அக்கா திரையில் என் முகத்தைத் தொட்டார். என்னைப் பார்க்கவில்லை.

சிறுத்தைப் படத்தை மட்டும் அனுப்பினோம். அதிகாரி முழுக் கார்டையும் கேமராவையும் கேட்டார். சோதிக்க வேண்டுமாம். கொடுத்திருந்தால் காடு பிழைத்திருக்கலாம்.

"குடுக்க மாட்டேன். அண்ணே அதுல இருக்கான். அவனைப் பார்த்து ஒரு தடவை சிரிச்சது போதும்."

புல்டோசர் வந்த காலையில் இருவரும் ரோட்டோரம் நின்று பார்த்தோம். மரங்கள் சரிய ஆரம்பித்ததும் அக்கா காலடியில் இருந்த புல்லைக் காட்டினார். கன்னையா குண்டடிபட்ட உடனே சாகவில்லை. இங்கேவரை தவழ்ந்தே வந்திருக்கிறான் என்றார். உடல் இங்கேதான் கிடைத்தது; விறைத்த கை மேலே தூக்கியிருந்தது, நான்கு விரலோடு. சுட்டது நான்கு பேர் என்று எடுத்துக்கொண்டு போலீஸ் நான்கு பேரைத் தேடியது. அவன் சொன்னது கேமராவை.

அன்று நான் ஓடி வந்து வண்டி ஏறியதும் இதே இடம்தான் என்றேன்.

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"நீ ஓடி வரல யுகேன்... தவழ்ந்து வந்த. கையத் தூக்கிக்கிட்டே."