இரண்டாவது ஈடு

திண்டிவனம் பக்கம் ஓர் அரிசி ஆலையில் என் மனைவிக்குக் களத்து வேலை. அதே ஆலையில் நெல் அவிக்கும் அடுப்புக்கு உமி தள்ளுபவன் நான். ஞாயிற்றுக்கிழமையானால் பஸ் பிடித்து விழுப்புரத்துக்குப் போவேன். அங்கே தொழிற்சங்கத்தில் மார்க்சிய வகுப்பு. "உங்க கிளாஸ்ல தண்ணிக் கொடம் தூக்கறது மட்டும் சொல்லித் தர மாட்டாங்களா?" என்று அவள் கிண்டலடிப்பாள்.

அவித்த நெல்லைச் சிமென்ட் களத்தில் பரப்பி, பெண்கள் காலை இழுத்து இழுத்து நடந்து அதைத் துழாவுவார்கள். செருப்புப் போடுவதில்லை. ஈரம் இருக்கிறதா என்று பாதத்துக்குத்தான் தெரியுமாம். கூலி நாளுக்கு இல்லை, ஈட்டுக்கு. ஒரு தொட்டி நெல் அவிந்து, காய்ந்து, குவிந்தால் ஓர் ஈடு. நாங்கள் வேலைக்குச் சேர்ந்த தொண்ணூற்று மூன்றில் ஓர் ஈடு காயச் சாயங்காலம் ஆகிவிடும். உச்சிவேளையில் நெல்லைக் குவித்து மூடிவிட்டு, பெண்கள் வேப்பமரத்தடியில் கேப்பைக் கூழ் குடித்துக் கொஞ்சம் தலை சாய்ப்பார்கள்.

வருஷங்கள் போகப் போக வெயில் வேறு மாதிரி ஆனது. பங்குனியிலேயே களம் தோசைக்கல்லாகக் காய்ந்தது. ஒருநாள் மதியத்துக்குள்ளேயே நெல் காய்ந்துவிட, மேஸ்திரி வந்து, "இன்னொரு ஈடு கொட்டிரலாமா?" என்றார். பெண்களுக்கு ஒரே குஷி. அன்றோடு வேப்பமரத்தடி காலியானது.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. வேலையை வேகப்படுத்த முதலாளி இயந்திரம் கொண்டுவருவான் என்றுதான் வகுப்பில் படித்திருந்தோம். அது வரும் என்று நாங்கள் ஆலை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தோம். அது வானத்திலிருந்து வந்து இறங்கியது. வாங்கவும் வேண்டாம், கரண்ட் பில்லும் கிடையாது. அடுப்புப் புகையும் லாரிப் புகையுமாக ஊரைச் சூடாக்கியவர்களுக்கே அந்தச் சூடும் உழைத்துக் கொடுத்தது. அநியாயம் இல்லையா இது?

மத்தியான வேளையில் களத்தில் யாரையும் இறக்கக் கூடாது, அந்நேரத்துக்கும் கூலி வேண்டும் என்று சங்கத்தில் கோரிக்கை வைத்தோம். ஆலை வாசலில் நான்தான் பேசினேன். முதல் எதிர்ப்புக் குரல் என் வீட்டுக்காரியுடையது.

"அதெல்லாம் குடுக்கவே மாட்டாங்க. நெழல்ல குந்திக்கினு இருந்தா ரெண்டாவது ஈடு பூடும். உங்க சங்கமா சோறு போடும்?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. கோரிக்கைத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அடுப்புக்குத் திரும்பினேன்.

அந்தச் சித்திரையில் இரண்டாவது ஈடு பாதி காய்ந்திருந்தபோது அவள் நெல்லின் மேலேயே சாய்ந்தாள். ஓடிப்போய்த் தூக்கினேன். உடம்பு கொதித்தது, சொட்டு வியர்வை இல்லை. கூட வேலை செய்பவள் ஒருத்தி, "ஆட்டோ புடிங்கண்ணே, ஜல்தி! அவ பங்கு நெல்ல நான் பாத்துக்கறேன், கூலி போவாது" என்று கத்தினாள். முகமெல்லாம் கண்ணீர். ஆனால் அவள் கால் நிற்கவில்லை, நெல்லை இழுத்துக்கொண்டே போனது. நின்றால் அந்த ஈடு கெட்டுவிடும், எல்லோருக்கும் கூலி போய்விடும். அந்தக் கால்களை இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னைத்தான் திட்டினார். "சிறுநீரகம் அடிவாங்கியிருக்கு. இனிமே இவங்க வெயில்ல நின்னா, இங்க கொண்டாந்தும் பிரயோஜனம் இல்ல."

இரண்டு நாள் கழித்து அவள் கண் தெளிந்து பேசினாள். அன்று மத்தியானம் வானம் கறுத்துக் குளிர்ந்த காற்று அடித்தது. வார்டில் இருந்த அத்தனை பேருக்கும் உயிர் வந்தது போலிருந்தது. எனக்கும்தான். அவள் மட்டும் பதறி எழுந்து ஜன்னலைப் பார்த்தாள்.

"ஐயோ, மூட்டம் போட்டுக்கினு வருதே! இன்னிக்கு ஒரு ஈடுகூட காயாதே, பாவம் அவளுங்க."

"படு நீ" என்று அதட்டினேன். அவள் காதில் விழவில்லை. குளுக்கோஸ் ஊசி ஏறியிருந்த கையை இன்னொரு கையோடு சேர்த்து, வெயில் வரவேண்டும் என்று கும்பிட்டாள்.