எதிர்க் கடையில் பேன் ஓடுகிறது

பென்ஷன் தேடிக் கொடுக்கும் தொழிலில் நன்றி நிச்சயம் கிடைக்கும்; ஆனால் அது எதிர்க் கடைக்குப் போய்ச் சேரும். அப்பாவுக்கோ அத்தைக்கோ பென்ஷன் வாங்கித் தருகிறேன் என்று கிளம்பி, வில்லேஜ் ஆபீஸுக்கும் பஞ்சாயத்து ஆபீஸுக்கும் நடுவில் செருப்பு தேய்ந்தவர்களுக்கு என் வருத்தம் புரியும்.

கேரளாவில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய முதலமடையில் ஜெராக்ஸ் கடை ஒன்றின் வாசலில் எனக்கு ஒரு மேசை. முன்பு மாங்காய் மண்டியில் கூடை எண்ணிக்கொண்டிருந்தேன். முழங்கால் போன பிறகு இந்த வேலையும், மாசம் வருகிற வயசுப் பென்ஷனும். ஏழாம் வகுப்புதான். மலையாளம் பஸ் போர்டு பார்த்துப் படித்தது. இந்தப் பக்கத்துத் தமிழ் ஆட்களுக்கு ஆபீஸ் மலையாளம் ஓடாது. அவர்கள் சொல்வதைக் கேட்டு, எந்த உதவிக்கு யார் தகுதி என்று சொல்லி, அப்ளிகேசன் எழுதிக் கொடுப்பேன்.

ரோட்டுக்கு எதிர்ப்புறம் சுலோச்சனா கம்ப்யூட்டர் சென்டர் திறந்தாள். நீல போர்டு, நாற்காலிகள், காற்றுக்கு ஒரு பேன். வருகிற கிழவிகளை எல்லாம் "அம்மாயி" என்பாள், கிழவர்களை "அப்புச்சி". எனக்கு அப்படிக் கூப்பிட வாய் வராது. அவள் படிக்கு வெளியே கிடக்கும் செருப்பு ஜோடிகளைத் தினமும் எண்ணுவேன். மண்டியில் வந்த பழக்கம் என்று வெளியே சொல்லிக்கொள்வேன்.

இன்னொன்றும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் அக்கா நாச்சம்மாள் ஊர்க் கடைசியில், ஓர் ஆட்டோடு தனியாக இருக்கிறாள். பென்ஷன் வருகிற வரைதான் அந்தத் தனி ஊடு. அது நின்றால் கோயமுத்தூரில் இருக்கும் மகன் கூட்டிக்கொண்டு போய்விடுவான். அக்கா போய்விட்டால் சாயங்காலம் நான் பேசுவதற்கு இந்த ஊரில் ஆள் கிடையாது.

கேட்டது இங்கே, கொடுத்தது அங்கே

ராமாத்தாள் என்று ஒரு அம்மா. புருஷன் போய் வருஷங்கள் ஆகியும் ஒரு பென்ஷனும் வாங்கவில்லை. யாரோ அறுபது வயது ஆகட்டும் என்று சொன்னார்களாம், காத்திருந்திருக்கிறார். வயசானவர்களுக்கு ஒரு பென்ஷன், புருஷனை இழந்தவர்களுக்கு வேறொன்று, அதற்கு அறுபது வரை காத்திருக்க வேண்டியதில்லை என்று நிதானமாக எடுத்துச் சொன்னேன். வருமானச் சர்டிபிகேட், மரணச் சர்டிபிகேட், ரேஷன் கார்டு, மறுபடி கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்பதற்கு ஒரு சர்டிபிகேட். கடைசியைச் சொல்லும்போது எனக்கு வெட்கமாகிவிட்டது. தரையைப் பார்த்துச் சொன்னேன்.

எல்லாவற்றையும் கேட்டுத் தலையாட்டிவிட்டு எழுந்து போனார். அடுத்த நாள் பார்த்தால் அவர் செருப்பு சுலோச்சனா படியில். வெளியே வந்தவரிடம், வாய் திறக்கக் கூடாது என்று இருந்தும், அப்ளிகேசன் கொடுத்தாயிற்றா என்று கேட்டுவிட்டேன். "குடுத்தாச்சுங்க. நீங்க சொன்னதெ எல்லாம் ஒண்ணு விடாம அவகிட்டச் சொல்லிப்போட்டனுங்க. அங்க பேன் ஓடுதுங்க."

மிஷினுக்குப் பிடித்த கண்

பென்ஷன் வாங்குகிறவர் உயிரோடு இருக்கிறார் என்று வருஷத்துக்கு ஒருமுறை மிஷினில் விரல் வைத்துக் காட்ட வேண்டும். இதற்கு மஸ்டரிங் என்று பெயர். செய்யாவிட்டால் ஆள் இருந்தும் இல்லாத கணக்கு, பென்ஷன் நின்றுவிடும். மாங்காய் பறிக்கிற சின்னச்சாமியின் விரலை மிஷின் ஏற்கவில்லை. காம்பு ஒடிக்கும்போது தெறிக்கிற பால் பட்டுப் பட்டு, விரல் நுனி வெந்து வழுவழுவென்று ஆகிவிட்டது. ஒரு வாரம் மரம் ஏறாமல், தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு இருங்கள், ரேகை திரும்பி வரும் என்றேன். சீசன் நேரத்தில் அதைச் சொன்னது தப்புதான். முதலமடையில் மாங்காய்க் காலத்தில் ஒருவன் ஒரு வாரம் சும்மா இருந்தால், உயிரோடு இல்லை என்றே ஊர் முடிவு செய்துவிடும்.

அவர் நேராக எதிர்க் கடைக்குப் போனார். சுலோச்சனாவிடம் கண்ணைப் பார்க்கிற மிஷின் இருந்தது. ஒரு நிமிஷம். மனிதர்களைப் பார்த்துப் பொறாமைப்பட்டிருக்கிறேன். ஒரு மிஷினைப் பார்த்து வயிறு எரிந்தது அன்றைக்குத்தான். சின்னச்சாமி ரோட்டைத் தடவித் தடவித் தாண்டி வந்து என்னிடம் சொன்னார்: "இத்தன வருசம் பாடுபட்ட கையெ நம்பலீங்க, கண்ணெ நம்பிருச்சுங்க. எனக்குக் கண்ணுதானுங்க செரியாத் தெரியறதில்ல."

கரும்புக்காக

எங்கள் ஊரில் பாதிப் பேருக்கு ஒரு கால் இங்கே, ஒரு கால் பார்டருக்கு அக்கட்டால. பழனியப்பன் இருப்பது இந்தப் பக்கம். ஆனால் ஆனைமலையில் இருக்கும் மகன், அப்பாவின் பெயரைத் தன் ரேஷன் கார்டில் ஏற்றி வைத்திருந்தான். பொங்கலுக்கு வேட்டி சேலை, கரும்பு எல்லாம் கொடுப்பார்களே, அதற்காக. இந்தப் பக்கத்துக் கார்டில் பெயர் இல்லை. பென்ஷன் எப்படிக் கிடைக்கும்? முதலில் அங்கே பெயரை வெட்டுங்கள், அதற்கான ரசீதோடு வாருங்கள் என்று சொன்னேன். அவர் முகம் வாடிவிட்டது. கரும்பு வராதே என்று ஒரு யோசனை. மகன் கோபித்துக்கொள்வானே என்று இன்னொரு யோசனை. பல தடவை வந்தார், பல தடவை அதையே சொன்னேன். பெயரை வெட்டவில்லை.

ஒரு நாள் சுலோச்சனா அதையே சொன்னாள். அதே இரண்டு வாக்கியம். அந்த வாரமே ஆனைமலைக்கு பஸ் ஏறிப் போய்ப் பெயரை வெட்டிவிட்டு வந்துவிட்டார். நான் சொன்னதில் என்ன குறை என்று கேட்டேன். யோசித்துப் பார்த்துத்தான் பதில் சொன்னார். அதுதான் இன்னும் வலித்தது. "நீங்க சொல்றப்போ சட்டமாட்ட இருந்துச்சுங்க. அந்தப் புள்ள சொல்றப்போ எனக்கு நல்லதாட்ட இருந்துச்சுங்க."

நிறுத்துவதற்கு ஒரு அப்ளிகேசன்

என் மேசைக்கே வந்து, என்னிடமே வேலை கொடுத்தவர் ஒருவர் உண்டு. பொன்னம்மாள். ஊட்டில் மகன் ஏசி மாட்டினான் என்பதால் அவருக்குப் பென்ஷன் இல்லை என்று ஆகிவிட்டது. பக்கத்து ஊட்டு வேலாத்தாளுக்கு வருகிறது. ஏசி மகன் ரூமில், பொன்னம்மாள் படுப்பது கோழிக்கூண்டு பக்கத்தில், நியாயமில்லைதான். மறுபரிசீலனை கேட்டு எழுதலாம் என்று பேனாவை எடுத்தேன். அதற்கு அவர் வரவில்லையாம்.

அவர் கேட்ட கேள்விக்கு வேறு யாராவது என்றால் சிரித்திருப்பார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ரோட்டுக்கு அப்புறம் சுழன்றுகொண்டிருந்த பேனைத்தான் பார்த்தேன். பொன்னம்மாள் குனிந்து, குரலைத் தணித்துக் கேட்டார்: "எனக்கு வராட்டிப் போவுதுங்க. அவளுக்கு வர்றதெ நிறுத்தறதுக்கு ஒரு அப்ளிகேசன் இல்லீங்களா?"

நீல ஒயர் கட்டிய செருப்பு

அக்காவுக்கு இந்த வருஷம் கண் ஆபரேஷன். கோயமுத்தூரில் மகன் ஊட்டில் ரொம்ப நாள் இருந்துவிட்டுத் திரும்பினாள். மஸ்டரிங் ஆச்சா என்று கேட்டேன். "ஆச்சு ஆச்சு" என்று ஆட்டுக்குத் தழை ஒடிக்கப் போய்விட்டாள். நானும் விட்டுவிட்டேன்.

விட்டுப்போனவர்கள் பதிவதற்குக் கடைசி வாரம் அது. சுலோச்சனா படியில் கூட்டம். வழக்கம்போல எண்ணிக்கொண்டு வந்தவன் ஒரு ஜோடியில் நின்றுவிட்டேன். வார் அறுந்து, நீல ஒயரால் கட்டியது. கட்டினது நான்தான். என் அக்கா, என் மேசையைத் தாண்டி, என் கண்ணில் படாமல் சுற்றிக்கொண்டு அங்கே போயிருக்கிறாள். பென்ஷன் நின்றுவிட்டது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. கோயமுத்தூர்க்காரன் கூப்பிட்டுவிடுவான் என்ற பயம் ஒரு பக்கம். ஊரே போகட்டும், இவளுமா போக வேண்டும் என்ற எரிச்சல் இன்னொரு பக்கம். எரிச்சல்தான் முந்தியது. வேறு பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் சுலோச்சனா ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று கத்தினாள். "பெரீப்பா! உங்கக்காளுக்கு மிஷின்ல வெரலும் எடுக்கல, கண்ணும் எடுக்கல. ஆபரேசன் பண்ணுன கண்ணு. பஞ்சாயத்து ஆபீசுக்கு நேர்ல போயி, உசுரோட இருக்கறாங்கன்னு சர்டிபிகேட் வாங்கோணும். நான் எல்லாம் எழுதிட்டேன். கறுப்புக் கண்ணாடில படி தெரியலைங்கறாங்க, நீங்க சித்தெக் கூட்டிட்டுப் போறீங்களா?" அவள் எழுதியதை வாங்கிப் பார்த்தேன். ஒரு தப்பாவது இருக்க வேண்டுமே என்று இரண்டு தரம் படித்தேன். ஒன்றும் இல்லை. அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தாள். ஆபீஸ் வரிசையில் நிற்கும்போது கேட்டேன், என்னிடம் ஏன் வரவில்லை என்று. கறுப்புக் கண்ணாடிக்குள்ளிருந்து என் பக்கம் திரும்பினாள். "உங்கிட்டச் சொன்னா, உன்ற பென்சன்ல பாதியெக் கொண்டாந்து சொம்புக்கு அடியில வெச்சுப்போட்டு, ஒண்ணும் பேசாமப் போயிருவே. எனக்கு வேணுங்கறது என்ற பென்சன்டா. தம்பிதான் ஏற்கெனவே இருக்கறானே."

தூக்குப் போசி

பென்ஷன் மறுபடி வந்தது. கோயமுத்தூர்க்காரனுக்கு போன் போட்டு, ஆட்டை விற்கிற பேச்சை இனி எடுக்காதே என்று அக்கா சத்தம் போட்டது அடுத்த ஊட்டுக்கும் கேட்டது. அன்றைக்கு அரிசிம்பருப்புச் சோறு ஆக்கினாள். நெய் வாசத்தில் எனக்கு வாய் ஊறியது. தூக்குப் போசியில் போட்டு மூடி என் கையில் கொடுத்தாள். என் ஊட்டுக்கு என்று நினைத்து வாங்கிக்கொண்டேன். "சூடு ஆறறதுக்குள்ள சுலோச்சனாகிட்டக் குடுத்துரு" என்றாள்.

ரோட்டைத் தாண்டிக்கொண்டு போனேன். முதல் தடவையாக என் செருப்பும் அந்தப் படியில் கிடந்தது; அதையும் சேர்த்து எண்ணினேன். சுலோச்சனா மூடியைத் திறந்தாள், மோந்து பார்த்தாள், மூடி நிறையச் சோறு எடுத்து வைத்து என் பக்கம் தள்ளினாள். நான் வாசற்படியைவிட்டு நகரவில்லை. "நின்னுட்டே இருக்கறீங்களே, பெரீப்பா. உக்காருங்க, இங்க பேன் ஓடுது."

யார் யார் எதற்குத் தகுதி என்று இந்த ஊருக்கே எடுத்துச் சொல்கிற நான், என் அக்கா ஆக்கின அரிசிம்பருப்பை எதிர்க் கடை மூலமாகத்தான் வாங்கிச் சாப்பிட வேண்டியிருந்தது.