படுக்கைச் சட்டிக்கு விரித்த செய்தி

அன்று எங்களோடு வேலை பார்க்கும் அகதிப் பெண் ஒரு கிழவியின் முதுகுக்குப் பவுடர் போட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நின்ற கிழவியின் மகன் பத்திரிகைக்காரர். எங்கள் முதியோர் இல்லத்தில் ஓர் அகதிப் பெண் மருந்து திருடுகிறாள் என்று, அவளை ஒரு வார்த்தை கேட்காமல், தன் படத்தோடு எழுதியவர். காணாமல்போன மருந்து பிறகு அலமாரிக்குப் பின்னால் கிடைத்தது. ஆனாலும் அவள் அறைக்குள் நுழைந்தாலே பார்க்க வந்தவர்கள் பையை இழுத்து அணைத்துக்கொண்டார்கள்.

"தம்பி, நான் திருடலைன்னு எழுதிருங்க."

"பழைய பேப்பரை யாரு அக்கா திரும்பப் பாக்கப்போறா?" என்று சிரித்தார்.

பழைய செய்தித்தாளை விரித்து அதன்மேல், படுத்தபடியே மலசலம் கழிக்கும் படுக்கைச் சட்டியை வைப்பது எங்கள் வழக்கம். மறுநாள் காலை அவர் வந்ததும், அந்தச் செய்தி வந்த பக்கத்தையே அவர் படம் வெளியே தெரிய விரித்தாள்.

"அம்மாவைப் பிடிச்சுக்குங்க தம்பி. சிந்தாம, கீழ பாத்துப் பிடிங்க."

பிடித்தார். கிழவிக்கு அவசரமில்லை. அவர் கடைசி வரிவரை படித்து முடித்த பிறகுதான் அவள் சட்டியை எடுத்தாள்.