படைக்காத பலகாரம்

மரவள்ளி மாவில் சோமாசி வராது. மடித்தால் விண்டுபோகும், சுட்டால் ஓடாகிவிடும். இதை நான் படித்துப் படித்துச் சொன்னேன். அண்ணி காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்ததிலிருந்து கோதுமை மாவைக் கண்ணால் பார்த்தே இரண்டு வருஷம் ஆகியிருந்தது. மலாக்காவில் எங்கள் காஜா பெராங் பக்கம் எந்த வீட்டு அடுப்பைப் பார்த்தாலும் காலையில் மரவள்ளி, மாலையிலும் மரவள்ளி. அதை வைத்துக்கொண்டு இவள் பண்டிகை கொண்டாடப் போகிறாளாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அண்ணி என்று சொல்கிறேனே தவிர, எனக்கு அண்ணனே கிடையாது. அவள் ஒரு யூதப் பெண். கல்கத்தாவில் பிறந்து, மலாக்கா டவுனில் துணிக்கடை வைத்திருந்தவருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். அந்தக் கடைக்கு நான் ரவிக்கை தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். கடைக்கு வருகிறவர்களோடும் என்னோடும் வாயடித்தே தமிழ் கற்றுக்கொண்டாள். ஜப்பான்காரன் யூதர்களைப் பிடிக்க ஆரம்பித்ததும் அவள் கணவரைக் கடை வாசலிலேயே லோரியில் ஏற்றிச் சிங்கப்பூர் முகாமுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அன்று மத்தியானம் ஒரு துணிமூட்டையோடு நடந்தே என் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். அதற்கு மூன்று மாதத்துக்கு முன்புதான் என் கணவரைச் சயாமில் ரயில் பாதை போட இழுத்துக்கொண்டு போயிருந்தார்கள். எனக்குப் பிள்ளைகள் இல்லை. வீட்டில் இடமும் இருந்தது, வயிற்றில் கோபமும் இருந்தது. ஒரு சேலையைக் கட்டிவிட்டேன், நெற்றியில் பொட்டு வைத்தேன். கேட்டவர்களிடமெல்லாம், ரங்கூனில் மாட்டிக்கொண்ட என் அண்ணனின் சம்சாரம், கல்கத்தாப் பக்கத்துப் பெண் என்று சொன்னேன். சொல்லிச் சொல்லி அவள் எனக்கு அண்ணியாகவே ஆகிவிட்டாள்.

எங்கள் வீட்டு வரிசைக்கு ஜப்பான்காரன் ஒரு தலைவரை வைத்திருந்தான். தமிழர்தான். வெள்ளைக்காரன் ஆபீசில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவர். எஜமான்தான் மாறினான், அவருடைய பென்சில் மாறவில்லை. எந்த வீட்டில் எத்தனை பேர், என்ன இனம் என்பதெல்லாம் அவர் எழுதுவதுதான். சயாமுக்கு ஆள் கேட்டபோது என் கணவர் பெயரை எழுதிக் கொடுத்ததும் அவர்தான். அண்ணியை யூதச்சி என்று அவர் ஒரு வார்த்தை எழுதிவிட்டால் போதும், மறுநாளே லோரி வந்துவிடும். அதுவரை என் வாய்வார்த்தையை நம்பித்தான் எழுதியிருந்தார். அந்த மாசியில் புதுக் கணக்கு எடுக்கிறார்களாம், வீட்டுக்குள்ளேயே வந்து ஆளைப் பார்த்துத்தான் எழுதுவார்களாம் என்று தெருவில் பேச்சு அடிபட்டது.

இந்த நேரத்தில்தான் அவளுக்குப் பண்டிகை. இந்த ஒரு வருஷம் சும்மா இரேன், உன் சாமி கோபித்துக்கொள்ளாது என்றேன். அண்ணி முறத்தைக் கீழே வைத்தாள்.

"வருஷமெல்லாம் ஒளிஞ்சிக்கிட்டுதான் இருக்கேன் தங்கச்சி. இந்த ஒரு நாளும் பயந்துட்டேன்னா, அப்புறம் அவங்க என்னைப் பிடிக்கவே வேணாம்" என்றாள்.

பிறகு பண்டிகையின் கதையைச் சொன்னாள். யூதர்களை ஒரே நாளில் கொன்றுபோட ஒரு ராஜாவின் மந்திரி நாள் குறித்தானாம். அந்த ராஜாவின் ராணியே யூதப் பெண்தான், ஆனால் அது அங்கே யாருக்கும் தெரியாது. கடைசியில் அவளே வாய்திறந்து ராஜாவிடம் உண்மையைச் சொல்லித் தன் ஜனங்களைக் காப்பாற்றினாளாம். மந்திரி தூக்கில் தொங்கினானாம். எனக்கு அந்த முடிவு ரொம்பப் பிடித்திருந்தது. சயாமை நினைத்துக்கொண்டேன், கிராணியை நினைத்துக்கொண்டேன். சரி, செய்து தொலைப்போம் என்றேன்.

அவர்கள் பலகாரத்துக்குச் சம்பூசக் என்று பேர். பார்த்தால் நம்ம சோமாசியேதான். அதே அரைவட்டம், அதே ஓரமுறுக்கு. நாம் எண்ணெயில் பொரிக்கிறோம், அவர்கள் நெருப்பில் வைத்துச் சுடுகிறார்கள். உள்ளே பாதாம் வைக்க வேண்டுமாம். பாதாமுக்கு எங்கே போவது? கொல்லையில் விளைந்த நிலக்கடலையை வறுத்து இடித்தோம். கிளேபாங் கடற்கரைப் பக்கத்திலிருந்து வருகிற கிழவியிடம் என் பழைய சேலை ஒன்றைக் கொடுத்துத் தென்னங்கருப்பட்டி வாங்கினேன். மாவுதான் உயிரை வாங்கியது. அண்ணி பச்சைத் தண்ணீரில் பிசைந்து பார்த்தாள், பிளந்துகொண்டது. மறுபடி பிசைந்தாள், மறுபடி பிளந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. நகரச் சொல்லிவிட்டு, கொழுக்கட்டைக்குச் செய்கிற மாதிரி கொதிக்கக் கொதிக்க வெந்நீரை மாவில் ஊற்றிக் கிளறி, அவித்த சர்க்கரைவள்ளியை அதோடு மசித்துப் பிசைந்தேன். அப்போதுதான் சொன்ன பேச்சைக் கேட்டது. ஒரு பிஸ்கட் டின்னை அடுப்பில் வைத்து, மேலே தகரம் போட்டு அதிலும் தணலைக் கொட்டினோம்.

அவர்கள் பண்டிகை எப்போதும் பௌர்ணமியை ஒட்டித்தான் வருமாம். அந்த வருஷம் நம்முடைய மாசி மகமும் அதே நாளில் வந்தது. யாராவது கேட்டால் மாசி மகத்துக்குச் சாமிக்குப் படைக்கிற சோமாசி என்று சொல்லிவிடலாம். இதைவிட நல்ல சாக்கு கிடைக்காது என்று நான் தைரியமாகத்தான் இருந்தேன்.

முதல் ஈடு எடுத்துத் தட்டில் வைத்திருந்தோம், காலை பத்து மணி இருக்கும். கிராணி வந்துவிட்டார். நெற்றி நிறையத் திருநீறு, கையில் ஆள் கணக்கு எழுதுகிற புத்தகம். அடுப்படி வாசல்வரை வந்து நின்று, என்ன விசேஷம் என்று கேட்டார். மாசி மகம் இல்லையா, படைக்கச் சோமாசி செய்கிறோம் என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார். பக்திமான், அதைக் கேட்டு முகம்கூடக் கொஞ்சம் இளகியது. என் பெயரை எழுதினார். அப்புறம் அண்ணியைப் பார்த்து, இவங்கதானா அந்தக் கல்கத்தாக்காரங்க என்றார். ஆமாம் என்றேன். அவளைப் பார்த்துக்கொண்டே பென்சிலை எடுத்தார்.

அண்ணி தலையைக் குனிந்து பூரணத்தைக் கிளறிக்கொண்டிருந்தாள். பயத்தில் கை என்ன செய்கிறதென்று அவளுக்கே தெரியவில்லை போலிருக்கிறது. சமைக்கிறவள் பழக்கம், ஒரு சிட்டிகை எடுத்து வாயில் போட்டு மென்றாள். இனிப்புப் போதவில்லை என்று கருப்பட்டியைக் கொஞ்சம் சுரண்டிப் போட்டாள். இன்னொரு சிட்டிகை எடுத்து மறுபடியும் வாயில் போட்டாள்.

படைக்கிற பண்டத்தை நம் வீடுகளில் யாரும் ருசி பார்ப்பதில்லை, மோந்துகூடப் பார்ப்பதில்லை. உப்பு இருக்கிறதோ இல்லையோ, முதல் வாய் சாமிக்குத்தான். கூட இருந்த இத்தனை நாளில் சேலை கட்டச் சொல்லிக்கொடுத்தேன், கும்பிடச் சொல்லிக்கொடுத்தேன். இதைச் சொல்லவேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

பென்சில் நின்றுவிட்டது.

"படைக்கிறதுக்கு முன்னாடியே வாயில வைக்கிறாங்க. இது எந்த ஊர் வழக்கம்மா?" என்று கேட்டார் கிராணி.

அண்ணிக்குத் தான் என்ன தப்பு செய்தோம் என்று புரியவில்லை. ஆனால் பிடிபட்டுவிட்டோம் என்று புரிந்துவிட்டது. மெதுவாக எழுந்து கையைத் துடைத்துக்கொண்டாள். முகம் தெளிவாக இருந்தது. நான் யார் தெரியுமா என்று அவளே சொல்லப்போகிறாள் என்று எனக்குப் பட்டது. அட பாவி மகளே! அந்த ராணி வாய்திறந்தபோது கேட்பதற்கு ஒரு ராஜாவாவது இருந்தான். இங்கே நிற்பது புத்தகத்தோடு ஒரு கிராணி.

நான் முந்திக்கொண்டேன். தட்டிலிருந்த ஒரு சோமாசியை எடுத்து, அவர் கண்ணெதிரே கடித்தேன். சூடு நாக்கைப் பொசுக்கியது. விடவில்லை, மென்று விழுங்கினேன்.

"இந்த வீட்டு வழக்கம். நான் போட்டது. என் புருஷன் பேர நீங்க எழுதிக் குடுத்தப்போ சாமி பார்த்துக்கிட்டுதான் இருந்துச்சு. அன்னையிலேருந்து இங்க முதல் வாய் மனுசங்களுக்குத்தான். அப்புறம் மிச்சம் இருந்தா சாமிக்கு" என்றேன்.

நான் அப்படிப்பட்டவளே இல்லை. அன்று காலையில்கூட விளக்கேற்றிக் கும்பிட்டுவிட்டுத்தான் அடுப்பு மூட்டினேன். அவளைக் காப்பாற்ற வாயில் வந்ததைச் சொன்னேன். ஆனால் சொல்லச் சொல்ல, பொய் சொல்கிற மாதிரியே இல்லை.

தட்டை எடுத்து அவர் நெஞ்சுக்கு நேரே நீட்டினேன். நீங்களும் தின்னுங்கள், தின்றுவிட்டு என்ன எழுதவேண்டுமோ எழுதுங்கள் என்றேன். தட்டை இறக்கவில்லை.

அவர் என்னைப் பார்த்தார், அண்ணியைப் பார்த்தார். அவருக்கும் பசிதான், சட்டைக் கழுத்துக்குள் இன்னொரு கழுத்து நுழையும்போல இருந்தது. ஒன்றை எடுத்துக் கடித்தார். கடக்கென்று சத்தம் கேட்டது. நின்றபடியே முழுவதையும் தின்றார். விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டு எழுதினார். எழுதியதை எனக்குக் கேட்கும்படி வாசித்தார். பெண்கள் இரண்டு பேர், இந்தியர்.

போகும்போது அண்ணியிடம் குரலைத் தாழ்த்தி, "ஆளுங்க முன்னால ருசி பார்க்காதீங்கம்மா" என்றார். எல்லாம் தெரிந்துதான் எழுதியிருக்கிறார்.

வாசலில் நின்று என்னிடம் இன்னொன்றும் சொன்னார். "ஒங்க வீட்டுக்காரர் பேர எழுதலன்னா என் மகன் பேர எழுதச் சொன்னாங்கம்மா."

"அப்ப ஒங்க மகன் பேர எழுதியிருக்கணும்" என்றேன்.

அவர் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போய்விட்டார். அண்ணியைக் காப்பாற்றியவரிடம் அப்படிப் பேசலாமா என்று பிற்பாடு என்னைக் கேட்டவர்கள் உண்டு. பேசலாம். ஒரு பெயரை எழுதாமல் விட்டதற்காக, எழுதிய பெயர் அழிந்துவிடாது.

அண்ணி ஓடிப்போய்க் கதவைச் சாத்தப் பார்த்தாள். இப்படிப் பேசிவிட்டாயே, நாளைக்கு மனசு மாறி எழுதிவிட்டால் என்ன செய்வது என்று புலம்பினாள். கதவு திறந்தே இருக்கட்டும் என்றேன். நாளைக்கு எழுதினால் நாளைக்குப் பார்த்துக்கொள்வோம், இன்றைக்கு உன் பண்டிகை, உட்கார்ந்து தின்னு என்று அதட்டினேன். பட்டப்பகலில், தெருவில் போகிறவர் வருகிறவர் பார்க்க, இருவரும் தரையில் உட்கார்ந்து தின்றோம். கல் மாதிரி இருந்தது. தாடை வலித்தது.

அவர் மனசு மாறவில்லை. ஜப்பான்காரன் போகிறவரைக்கும் அந்தப் புத்தகத்தில் அவள் என் அண்ணியாகத்தான் இருந்தாள். அவள் கணவர் எலும்பும் தோலுமாகச் சிங்கப்பூரிலிருந்து திரும்பி வந்து, அவளை அழைத்துக்கொண்டு போனார்.

சயாமிலிருந்து ஆட்கள் திரும்பி வருகிறார்கள் என்று கேள்விப்பட்டு நானும் ஸ்டேஷனுக்குப் போய் நின்றேன். பல நாள் போனேன். என் கணவர் மட்டும் வந்திருந்தால், அன்று கிராணியிடம் சொன்னதெல்லாம் பொய் என்று சாமி காலில் விழுந்து கன்னத்தில் போட்டுக்கொண்டிருப்பேன். அவர் வரவில்லை. இன்றைக்கும் என் வீட்டில் எது செய்தாலும் முதல் வாய் நான்தான் தின்கிறேன்.